தாடையில் ஆறாத புண்ணா? பல்லையும் பாருங்கள்



தாடையிலோ கன்னத்திலோ சின்னக் கட்டி வருகிறது. உடைந்து சீழ் வடிந்து காய்கிறது. சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடியும் வருகிறது. சூட்டுக் கட்டி என்று மஞ்சள் போடுகிறோம், மெடிக்கலில் களிம்பு வாங்குகிறோம். முசரவாக்கத்தில் நம் வீடுகளிலும் இப்படி மாதக்கணக்கில் துடைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கலாம் என்பதால் இதை எழுதுகிறோம்.

இத்தகைய புண்ணுக்குக் காரணம் பல நேரம் தோலில் இல்லை, பல்லில் இருக்கிறது. சொத்தை ஆழமாகி பல்லின் உள்ளே நரம்பு செத்துவிட்டால், கிருமி வேர் நுனிக்கு இறங்கி அங்கே சீழ் கட்டும். அந்தச் சீழ் எலும்பை மெல்ல அரித்து வழி தேடும். பெரும்பாலும் ஈறில் கொப்புளமாக உடையும். சிலருக்குக் கன்னத்திலோ மோவாயிலோ உடையும். செத்த பல் பெரும்பாலும் வலிக்காது. சீழ் வெளியேறிவிடுவதால் வீக்கமும் தெரியாது. ஆகவே பல்லின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. புண்ணை அறுத்து எடுத்தவர்களுக்குக்கூடத் திரும்ப வருவது இதனால்தான்.

பல் எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாகத் தெரியும். ரூட் கனால் செய்தாலோ, காப்பாற்ற முடியாத பல்லை எடுத்தாலோ, புண் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். சிறு குழி போன்ற தழும்பு மிஞ்சலாம். காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையில் காட்டலாம். மேல்சிகிச்சைக்குச் சென்னையில் கோட்டை ரயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பல்லில் கேப் போட்டால் கடமையான குளிப்பு கூடுமா என்று கேட்டுத் தயங்குகிறவர்கள் உண்டு. சிகிச்சைக்காக நிலையாகப் பொருத்தியது குளிப்புக்குத் தடையில்லை என்பதே உலமாக்கள் பரவலாகச் சொல்வது. ஐயமிருந்தால் இமாமிடம் கேளுங்கள். சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள்.

அதற்காக எல்லாத் தோல் நோய்க்கும் பல்தான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. 1910இல் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வாய்க் கிருமியே பல நோய்களுக்கு மூலம் என்று பேசினார். அதன்பின் மேல்நாடுகளில் எத்தனையோ பேர் நல்ல பற்களையும் பிடுங்கிக்கொண்டார்கள், நோய் தீரவில்லை. சொரியாசிஸுக்கோ தேமலுக்கோ பல்லைப் பிடுங்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. பல் வீக்கம் கழுத்துக்கு இறங்கினால், வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாவிட்டால், மூச்சு அடைத்தால், நள்ளிரவானாலும் 108ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இது வேகமாகப் பரவும்.