முல்தானின் காவலர் ‘கான்-இ-ஷஹீத்’

மங்கோலியர் என்றதும் 1258-இல் ஹுலாகு கான் பக்தாதை அழித்ததுதான் நம் நினைவுக்கு வரும். அதே ஆபத்து இந்தியாவின் வாசலிலும் நெடுங்காலம் நின்றது. 1221-இல் செங்கிஸ் கான் சிந்து நதிக்கரை வரை வந்தார். 1241-இல் மங்கோலியர் லாகூரை முற்றுகையிட்டபோது, ஆளுநர் கராகுஷ் இரவோடு இரவாக நகரைவிட்டு வெளியேறினார். கைவிடப்பட்ட லாகூர் சூறையாடப்பட்டது.

1266-இல் ஆட்சிக்கு வந்த சுல்தான் பல்பன் எல்லைக் காவலையே முதல் வேலையாகக் கொண்டார். மங்கோலியர் காத்திருக்கையில் டெல்லியை விட்டுத் தொலைதூரப் போர்களுக்குச் செல்வது ஆபத்து என்று கருதினார். லாகூர்க் கோட்டையைச் சீரமைத்தார். மூத்த மகன் முஹம்மதை முல்தானுக்கு ஆளுநராக அனுப்பினார். இளைய மகன் புக்ரா கான் சமானாவைக் காத்தார்.

முஹம்மது மங்கோலியரைப் பலமுறை எதிர்த்து நின்றார். அவர் அறிஞர்களையும் நேசித்தவர். கவிஞர்கள் அமீர் குஸ்ரூவும் அமீர் ஹசனும் அவரது அவையில் இருந்தனர். ஷீராஸிலிருந்த சஅதியையும் முல்தானுக்கு அழைத்தார். முதுமை காரணமாக அவர் வரவில்லை.

1285 மார்ச்சில் (ஹிஜ்ரி 683-இன் கடைசி நாட்களில்) லாகூருக்கும் திபால்பூருக்கும் இடையே நடந்த போரில் முஹம்மது கொல்லப்பட்டார். தொழுகைக்காக நின்ற வேளையில் எதிரிகள் சூழ்ந்துகொண்டதாகப் பிற்கால வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மக்கள் அவரை ‘கான்-இ-ஷஹீத்’ என்று அழைத்தனர். அமீர் குஸ்ரூ சிறைபிடிக்கப்பட்டு, பிறகு தப்பினார். 1311-இல் மாலிக் காபூர் மதுரை வரை வந்த படையெடுப்பைத் தம் நூலில் பதிவு செய்தவரும் இதே குஸ்ரூதான்.

முதிய பல்பன் பகலில் கலங்காமல் அரசவை நடத்தினார். இரவில் மகனை எண்ணி அழுதார். முஹம்மதின் மகன் கைகுஸ்ரூவை முல்தானுக்கு அனுப்பினார். எல்லை காலியாக விடப்படவில்லை. ஆனால் வாரிசை இழந்த அரசு நிலைக்கவில்லை. பல்பன் இறந்த சில ஆண்டுகளில், 1290-இல், ஆட்சி கில்ஜிகளிடம் சென்றது.

கராகுஷும் முஹம்மதும் வகித்தது ஒரே பொறுப்பு: எல்லை நகரின் ஆளுநர். ஒருவர் தம் உயிரைக் காத்துக்கொண்டார். மற்றவர் தம்மை நம்பிய மக்களைக் காக்கப் போய் உயிரைக் கொடுத்தார். பதவி ஓர் அமானிதம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, இந்த இருவர் கதையையும் சேர்த்தே சொல்லலாம்.