முதலில் திரை, அப்புறம்தான் பெட்டி

சென்னை ரிச்சி தெருவில் அன்று கேமிங் கம்ப்யூட்டருக்குக் கிடைத்த முதல் விலைப்பட்டியலை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பில் புத்தகத்திலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தது. முதல் வரி ‘ஐ7’. அடுத்து ‘16 ஜிபி ரேம்’. அதற்கடுத்து ‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’. கடைசி வரி ‘கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்’. கீழே ஒரு தொகை, அதைச் சுற்றி ஒரு வட்டம்.

பிளஸ் டூ முடித்திருந்த அக்கா மகனுக்கு அதைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. “மாமா, ஐ7 மாமா!” என்றான்.

“எந்த ஜெனரேஷன்ணே?” என்று கேட்டேன்.

“செகண்ட் ஜென் சார். ஆனா ஐ7. கேம் எல்லாம் நல்லா ஓடும்.”

செகண்ட் ஜென் ஐ7 என்றால் 2011-ல் வந்த ஐ7-2600. அந்தக் காலத்தில் ராஜா. நான்கு கோர் கொண்ட அந்தப் பிராசஸரை 2022-ல் வந்த ஐ3-12100, அதே நான்கு கோரை வைத்துக்கொண்டே வெகு சுலபமாகத் தாண்டிவிடும். இன்டெல் பிராசஸர்களில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை, ஒரு சிலவற்றைத் தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதுமில்லை. அந்த ‘4 ஜிபி கார்டு’ எது என்று எடுத்துக் காட்டச் சொன்னேன். ஜிடி 730. 2014-ல் வந்த கார்டு. 4 ஜிபி என்பது கார்டின் நினைவக அளவு, அதன் பலம் அல்ல. கிடங்கு பெரிதாக இருக்கிறது, மூட்டை தூக்கத்தான் ஆள் இல்லை.

கடைக்காரர் ஏமாற்றப் பார்த்தார் என்று நான் நினைக்கவில்லை. வந்து நிற்கிற அப்பா அம்மாக்களில் பெரும்பாலோர் ‘ஐ7 வேணும், ஜாஸ்தி ஜிபி வேணும்’ என்றுதான் கேட்கிறார்கள். கேட்டதை அவர் கொடுக்கிறார். பட்டியல் தப்பான இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் என் வருத்தம். கேமிங் கம்ப்யூட்டருக்குப் பாகம் பொறுக்குகிறவர் பிராசஸரில் தொடங்கக் கூடாது. என்ன விளையாடப் போகிறோம், எந்தத் திரையில் பார்க்கப் போகிறோம் என்பதில் தொடங்க வேண்டும். மற்ற எல்லாம் அந்த இரண்டு பதிலுக்குள்ளேயே இருக்கின்றன.

அண்ணா சாலைப் பக்கம் நடந்து வந்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். “நீ என்னடா விளையாடுவே?” என்று கேட்டேன். வேலரண்ட், கவுன்டர்-ஸ்டிரைக் 2, நண்பன் வீட்டில் பார்த்து ஆசைப்பட்ட சைபர்பங்க் 2077. கையில் இருந்தது மானிட்டரையும் சேர்த்துத் தொண்ணூறாயிரம் ரூபாய். தாத்தா கொடுத்ததும் அவன் சேர்த்து வைத்ததும்.

1080பி என்று சொல்கிற திரையில் ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம், அதாவது முதலாவதைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு படத்துக்கும் இத்தனை புள்ளிக்கும் கார்டு வண்ணம் தீட்டியாக வேண்டும். 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 படம் காட்டும் திரையில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிசெகண்ட். 144 ஹெர்ட்ஸில் 7 மில்லிசெகண்ட் கூட இல்லை. ஆகவே திரையை முடிவு செய்கிற அந்த நிமிடமே கார்டுக்கு எவ்வளவு வேலை என்பதும் முடிவாகிவிடுகிறது. 4கே மானிட்டரை ஆசையாக வாங்கிவிட்டு அதற்குப் பொருந்தாத கார்டோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கும்.

விளையாட்டுக்கு விளையாட்டு பளுவும் மாறும். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது என்ற கணக்கெல்லாம் பிராசஸருடையது. வரைவது கார்டு. வேலரண்ட் போன்றவற்றில் வரைய அதிகம் இல்லை, நொடிக்குப் பல நூறு தடவை கணக்குப் போட வேண்டும். சைபர்பங்க்கில் மழையில் நனைந்த தெருவில் விளக்கு பிரதிபலிப்பதை வரையவே கார்டு திணறும். எல்டன் ரிங் என்ற விளையாட்டு கம்ப்யூட்டரில் நொடிக்கு 60 படத்தைத் தாண்டாதபடி பூட்டப்பட்டே வந்தது. அதை மட்டும் விளையாடுகிறவருக்கு 144 ஹெர்ட்ஸ் திரையால் ஒரு லாபமும் இல்லை. எங்களுக்கு 1080பி, 144 ஹெர்ட்ஸ் என்று டீ ஆறுவதற்குள் முடிவாயிற்று.

அடுத்தது கார்டு. மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு இதற்குப் போகலாம், போகத்தான் வேண்டும். 2025 மே மாதம் வந்த ஆர்டிஎக்ஸ் 5060-ஐ எடுத்தோம். 8 ஜிபி நினைவகம். புதிய பெரிய விளையாட்டுகளுக்கு இந்த 8 ஜிபி இறுக்கமாக இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். இன்னும் கொஞ்சம் பணம் இருந்திருந்தால் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியில் 16 ஜிபி கார்டைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன்.

நரசிங்கபுரம் தெருவில் ஒருவர் பழைய கார்டு பாதி விலைக்கு இருப்பதாகக் காட்டினார். பழையது வாங்குவதில் தவறில்லை, ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, அதைத் தோண்டிக்கொண்டிருந்த ஏராளமான கார்டுகள் சந்தைக்கு வந்தன. இராப்பகலாக ஓடியவை அவை. விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்து, கண்ணெதிரே அரை மணி நேரமாவது விளையாட்டை ஓடவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும். இன்னொன்று, 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டும் 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங், அதாவது ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிட்டு வரையும் வசதி இல்லாத கார்டில் ஓடாது. ஜிடிஎக்ஸ் 1660 வகையறாவை இன்று காசு கொடுத்து வாங்குவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

பிராசஸருக்கு இப்போதுதான் வந்தோம். ரைசன் 5 7600. ஆறு கோர், 65 வாட், பெட்டியிலேயே கூலர் வரும். ‘டிரே’ என்று சில நூறு ரூபாய் குறைத்துத் தருவதில் கூலர் இருக்காது, வாரண்டியும் பெட்டிச் சரக்குக்கு உள்ளது போல இருக்காது. இதை நான் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியமான காரணம் அது உட்காரும் சாக்கெட். ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட் போர்டை 2017-ல் வாங்கியவர்களில் பலர், பயாஸ் என்ற போர்டின் அடிப்படை மென்பொருளை மட்டும் புதுப்பித்துக்கொண்டு 2022-ன் 5800எக்ஸ்3டியை அதே போர்டில் பொருத்திக்கொண்டார்கள். இப்போதைய ஏஎம்5-க்கு 2027 வரையிலும் அதைத் தாண்டியும் ஆதரவு உண்டு என்று அந்த நிறுவனம் சொல்லியிருக்கிறது. பையன் வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கும்போது பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மதர்போர்டு பி650 வகையில் சாதாரணமான ஒன்று. வண்ண விளக்கு எரியும் போர்டுக்கு மூவாயிரம் கூடுதலாகக் கேட்டார்கள், வேண்டாம் என்றோம்.

ரேமில் ஒரு சங்கதி. 16 ஜிபி என்றால் ஒரே குச்சியாக வாங்காமல் எட்டும் எட்டுமாக வாங்க வேண்டும். இரண்டு குச்சி இருந்தால் பிராசஸருக்கு இரண்டு வழியாகத் தரவு வரும், ஒரே குச்சி என்றால் ஒரு வழிதான். விளையாட்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நாங்கள் வாங்கியது ஆகஸ்ட் 2025. அந்த வருடம் முடிவதற்குள் ரேம் விலை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், குரூசியல் என்ற பெயரில் வீட்டுக்காரர்களுக்கு விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. இப்போது வாங்குகிறவர்கள் 32 ஜிபிக்கு ஆசைப்பட்டுக் கார்டுக்கான பணத்தில் கைவைக்க வேண்டாம். எஸ்எஸ்டிக்கு 1 டிபி என்விஎம்இ போதும், அதில் யோசிக்க அதிகம் இல்லை.

இனி எஸ்எம்பிஎஸ், சுவர் மின்சாரத்தைப் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. இதைப் பற்றி நான் எவ்வளவு பேசினாலும் எனக்குப் போதாது.

2012-ல் நான் சேர்த்த முதல் கம்ப்யூட்டரில் கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸையே வைத்திருந்தேன். ஒரு மழை நாளில் மின்சாரம் போய் வந்தபோது ‘பட்’ என்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகிய நாற்றம். போனது எஸ்எம்பிஎஸ் மட்டும் அல்ல. மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போயிற்று. அந்த டிஸ்க்கில் அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை.

அதனால்தான் அன்று ‘கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்’ என்ற வரியைப் பார்த்ததும் அந்தப் பெட்டியை இறக்கச் சொன்னேன். மேலே பெரிய எழுத்தில் 450 வாட். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் கட்டத்தைப் பார்க்கும்படி பையனிடம் சொன்னேன். 16 ஆம்பியர். “பெருக்குடா.” அவன் போனை எடுக்காமலே பெருக்கினான். 192. கார்டும் பிராசஸரும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான். எங்கள் கார்டுக்கு மட்டும் 145 வாட் வேண்டும், பிராசஸர் 88 வாட் வரை இழுக்கும். பெயர் தெரிந்த கம்பெனியின் 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே கட்டத்தில் 45 ஆம்பியர் இருந்தது, அதாவது 540 வாட். இரண்டையும் அவன் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தான். எடையே சொல்லிவிட்டது. ‘80 பிளஸ்’ முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான சான்று மட்டுமே. மின்னழுத்தம் எகிறினால் தன்னைத் துண்டித்துக்கொள்ளுமா என்பதை அது சொல்லாது. அதற்குக் கம்பெனியின் பெயரையும் ஐந்து வருட வாரண்டியையும்தான் நம்ப வேண்டும்.

யுபிஎஸ்ஸிலும் இதே கணக்கு இருக்கிறது. 600 விஏ என்பதை 600 வாட் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வகை யுபிஎஸ்களில் அது பெரும்பாலும் 360 வாட்தான். கரண்ட் போகும் நேரத்தில் முழுப் பளுவில் விளையாடிக்கொண்டிருந்தால் தாங்குமா என்பது சந்தேகம். 1100 விஏ வாங்கினோம்.

இது எல்லாவற்றுக்கும் அடிப்படை சுவரில் இருக்கும் பிளக்பாயிண்ட். தாம்பரத்தில் அக்கா வீடு பழையது. “பழைய கம்ப்யூட்டரைத் தொட்டாலே லேசா சுருக்குனு இருக்கும்டா” என்று அவள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று துளை பிளக்பாயிண்ட் இருந்தது, மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயர் இல்லை. எர்த் இல்லாத இடத்தில், எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலில் இருக்கும் சிறு கெபாசிட்டர்கள் வழியாகக் கசியும் மின்சாரம் போக வழியில்லாமல் கேபினட்டின் உடம்பிலேயே நிற்கும். அந்தச் சுருக்கு அதுதான். எலக்ட்ரீஷியன் வந்து எர்த் இழுத்து, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் டெஸ்ட் பல்பைப் பிடித்துக் காட்டினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. அதற்கு அப்புறம்தான் புதுப் பெட்டிகளைப் பிரிக்கவே நான் சம்மதித்தேன்.

கேபினட் பற்றி ஒன்று. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த பெட்டிகள் பார்க்க அழகு. ஆனால் காற்றால் குளிரும் எந்தக் கம்ப்யூட்டரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே இறங்க முடியாது. சென்னையில் மே மாதத்து மதியம் ஏசி இல்லாத அறை 36 டிகிரி. முன்பக்கம் வலையாக இருந்து, காற்று தாராளமாக நுழைய வேண்டும். கழற்றிக் கழுவுகிற மாதிரி தூசு வடிகட்டியும் இருந்தால் நல்லது.

சேர்த்தது சாப்பாட்டு மேஜையில். ஏஎம்5 சாக்கெட்டின் மூடியைத் திறந்தால் 1718 ஊசிகள் வரிசையாக நிற்கும். மூச்சு விடக்கூடப் பயமாக இருக்கும். பிராசஸரின் மூலையில் உள்ள சிறு முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து, அழுத்தாமல், வைக்க வேண்டும். வைத்துவிட்டு நெம்புகோலை இறக்கும்போது கருப்புப் பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து வரும். பையன் கையை உதறிவிட்டான். “ஒண்ணும் ஆகலடா, அது அப்படித்தான்.” அந்த மூடியைப் பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்தினோம். வாரண்டிக்கு அனுப்பும்போது சாக்கெட் மூடி இல்லாவிட்டால் போர்டை வாங்க மறுக்கலாம். ரேம் குச்சிகளை இரண்டாவது, நான்காவது துளைகளில், கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தினான். மானிட்டர் கேபிளைப் பழக்கதோஷத்தில் மதர்போர்டில் செருகப் போனான். கார்டில் செருகச் சொன்னேன்.

ராத்திரி ஒன்பது மணி. சுவிட்சைப் போட்டான். விசிறிகள் சுற்றின. திரை கருப்பு. போர்டின் ஓரத்தில் ‘டிராம்’ என்று எழுதிய இடத்தில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

“மாமா, போச்சா?”

“தொடாதே. ரேமைப் பழகிக்கிட்டு இருக்கு.”

டிடிஆர்5 ரேம் போட்ட ஏஎம்5 போர்டு முதல் தடவை எழும்போது ஒவ்வொரு குச்சியோடும் தன் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும். அதற்குச் சில நிமிடம் பிடிக்கும். அது தெரியாமல் பாதியில் அணைத்து, கழற்றி, பாகம் பழுது என்று கடைக்கு ஓடியவர்கள் நிறையப் பேர். மூன்றாவது நிமிடம் முடியும்போது விளக்கு அணைந்தது. திரையில் எழுத்து வந்தது. அவன் என் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

பயாஸில் ரேமின் வேகம் 4800 என்று இருந்தது. பெட்டியில் 6000 என்று போட்டிருப்பதை அவனே எடுத்துக் காட்டினான். ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்திலேயே ஓடவிடும் ‘எக்ஸ்போ’ என்ற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, போட்டு, சேமித்தான். திரை மறுபடி கருப்பானது. மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. இந்தத் தடவை அவன் சுவிட்ச் பக்கம் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அக்கா கொண்டு வந்து வைத்த தோசையைப் பிய்த்துச் சாப்பிட்டபடி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.