மனச்சோர்வு மாத்திரை: ஆசையும் அசதியும்

மனச்சோர்வுக்குத் தரப்படும் மாத்திரைகளில் பெரும்பாலானவை பாலியல் நாட்டத்தையும் உடம்பின் தெம்பையும் ஏதோ ஒரு விதத்தில் தொட்டுவிடுகின்றன. முதலாவதைப் பற்றி நோயாளி வாய் திறப்பதில்லை. இரண்டாவதை நோயின் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மாத்திரையை மூன்றாவது, நான்காவது மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டு, மறுபடி படுக்கையில் விழுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அப்படி நிறுத்துவதற்கான முக்கியக் காரணங்களில் இவை இரண்டும் அடக்கம்.

இந்த மருந்துகளின் வரலாறு தெம்பிலிருந்துதான் தொடங்கியது. 1952-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள சீ வியூ காசநோய் மருத்துவமனையில் ஐப்ரோனியசிட் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்றும் காசநோயாளிகள் விழுங்கும் ஐசோனியசிடுக்கு அது நெருங்கிய உறவு. எழுந்து உட்காரவே முடியாமல் கிடந்தவர்களுக்குப் பசி எடுத்தது, தூக்கம் வந்தது, வார்டிலேயே ஆடிப்பாடினார்கள். அதைக் கவனித்த மனநல மருத்துவர்கள் சில ஆண்டுகளில் அதே மருந்தை மனச்சோர்வுக்குப் பயன்படுத்தினார்கள். 1957-இல் நேதன் கிளைன் அதற்கு வைத்த பெயரே ‘மனத்துக்குச் சக்தி தரும் மருந்து’ என்ற பொருளில் அமைந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் குன், இமிப்ரமின் மனச்சோர்வைக் குறைப்பதைக் கண்டறிந்தார். இன்று அதிகம் எழுதப்படும் செரோட்டோனின் வகை மாத்திரைகள் அதற்கு வெகுகாலம் கழித்து வந்தவை. அவற்றில் புகழ்பெற்ற ஃப்ளூஆக்சிடினுக்கு அமெரிக்கா அனுமதி வழங்கியது 1987 டிசம்பரில்.

இந்தியாவில் 2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார். ஆந்திர-தமிழ்நாடு எல்லையில் உள்ள சூளூர்பேட்டை போன்ற ஊரில் அப்படி ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்பட்டால் வழி இரண்டாகப் பிரியும். தெலுங்கு பேசும் குடும்பங்கள் பெரும்பாலும் திருப்பதி ரூயா மருத்துவமனைப் பக்கம் போகும். தமிழ் பேசும் குடும்பங்களுக்குச் சென்னை புறநகர் ரயில் இருக்கிறது. வடக்குத் தடத்தில் அது சூளூர்பேட்டை வரை வருகிறது. ஆனால், 1794-இல் தொடங்கிய பழம்பெரும் மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் இருப்பதாலேயே அந்தப் பெயரைச் சொல்லப் பலரும் கூசுகிறார்கள். அதனால் வேறு ஏதோ வேலையாகப் போய் வந்ததாக அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, மாத்திரை அட்டையைத் துணி அலமாரிக்குள் வைப்பதும் நடக்கிறது. ‘நரம்பு மாத்திரை’, ‘தூக்க மாத்திரை’ என்ற பெயர்களில்தான் வீட்டில் அது புழங்கும்.

மருத்துவர் முன் உட்காரும் அந்தச் சில நிமிடங்களில் நடப்பதையும் பார்க்க வேண்டும். பக்கத்தில் கணவரோ மாமியாரோ இருப்பார். வெளியே வரிசை நீண்டிருக்கும். “தூக்கம் வருதாம்மா? சாப்பிடுறீங்களா? அழுகை குறைஞ்சிருக்கா?” என்று டாக்டர் கேட்பார். “இப்ப பரவால்ல சார்” என்று பதில் வரும். “அதே மாத்திரையை ஒரு மாசம் தொடருங்க” என்று சீட்டு எழுதப்படும். தாம்பத்தியம் பற்றிய கேள்வி அங்கே எழுவதே அரிது. எழுந்தாலும் அந்தப் பெண்ணால் பதில் சொல்ல முடியாது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்கு வந்த 149 மணமான பெண்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. ஆசை குறைதல், உச்சம் எட்டாமை, வலி போன்ற பாலியல் சிக்கல்கள் அவர்களில் ஏறத்தாழ 73 சதவீதம் பேருக்கு இருந்தன. தங்கள் நோய், கணவரின் நோய், உறவில் விரிசல், சமூகத் தடை என்று காரணங்களை அவர்களே சொன்னார்கள். ஆனால் அதற்காக மருத்துவ உதவியை நாடியவர் ஒருவர்கூட இல்லை. இவர்கள் மனநோய்க்குச் சிகிச்சைக்கு வந்தவர்கள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாத்திரை வருவதற்கு முன்பே இந்த மௌனம் இருக்கிறது. மாத்திரை அதன் மேல் இன்னொரு சுமையை ஏற்றுகிறது.

கேட்டால் சொல்வார்களா என்பதற்கும் விடை உண்டு. ஸ்பெயினில் மோன்டெஹோ என்ற மனநல மருத்துவரின் குழு 1997-இல் வெளியிட்ட ஆய்வில், செரோட்டோனின் வகை மாத்திரை எடுத்த 344 பேரில் தாமாக முன்வந்து பாலியல் சிக்கலைச் சொன்னவர்கள் 14 சதவீதம். நேரடியாகக் கேட்டபோது அது 58 சதவீதமாக உயர்ந்தது. அதே குழு 2001-இல் 1,022 பேரிடம் செய்த பெரிய ஆய்வில், மாத்திரைக்கு முன் எந்தக் குறையும் இல்லாதவர்களில் 59 சதவீதம் பேருக்குப் பின்னர் சிக்கல் வந்திருந்தது. ஆண்களில் 62 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். எண்ணிக்கை ஆண்களிடம் கூடுதல் என்றாலும், பாதிப்பின் தீவிரம் பெண்களிடமே அதிகமாக இருந்தது.

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்து இது வெகுவாக மாறுகிறது. அந்த 2001 ஆய்வில் சிடலோப்ராம், பராக்சிடின் இரண்டும் 70 சதவீதத்தைத் தாண்டின. வென்லாஃபாக்சின் 67, செர்ட்ராலின் 63, ஃப்ளூஆக்சிடின் 58. மிர்டாசபின் 24 சதவீதத்தில் நின்றது. செரோட்டோனினைத் தொடாமல் டோபமின், நார்அட்ரினலின் வழியாகச் செயல்படும் பியூப்ரோபியானிலும் இந்தச் சிக்கல் குறைவு என்பதைப் பல ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன.

செரோட்டோனின் மூளையில் நரம்பு செல்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் வேதிப்பொருள். இந்த மாத்திரைகள் அது திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுத்து, நரம்பிடைவெளியில் அதன் அளவைக் கூட்டுகின்றன. பதற்றமும் சோகமும் தணிய இது உதவுகிறது. ஆனால் ஆசை, எதிர்பார்ப்பு, இன்பம் ஆகியவற்றுக்குப் பின்னால் இருக்கும் டோபமின் பாதையைக் கூடுதல் செரோட்டோனின் அடக்கிவைக்கிறது. தண்டுவடத்தில் அது உச்சத்தைத் தள்ளிப்போடுகிறது. பிறப்புறுப்பின் ரத்தக் குழாய்கள் விரியத் தேவையான நைட்ரிக் ஆக்சைடின் உற்பத்தியைப் பராக்சிடின் குறைக்கவும் செய்கிறது. ஆகவே ஆசை, கிளர்ச்சி, உச்சம் என்ற மூன்று கட்டங்களில் எதிலும் தடை வரலாம். ஆசை இருந்தும் உச்சம் எட்டவில்லை என்பது மிக அதிகமாகக் கேட்கப்படும் குறை. விந்து முந்துதலுக்கு இதே வகை மருந்தைக் கொடுப்பது இந்த விளைவை வைத்துத்தான். அதற்கென்றே தரப்படும் டபாக்சிடின் இந்திய மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. ஒருவருக்குப் பக்கவிளைவாக இருப்பது இன்னொருவருக்குச் சிகிச்சை ஆகிறது.

உடம்போடு நிற்காமல் உணர்ச்சியும் மழுங்குவதாகப் பலர் சொல்கிறார்கள். அழுகை நின்றுவிட்டது, ஆனால் பேரப்பிள்ளையைத் தூக்கும்போது வரும் பூரிப்பும் நின்றுவிட்டது என்பது போல. கேம்பிரிட்ஜ், கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், நோய் ஏதும் இல்லாத 66 பேரில் ஒரு பிரிவினருக்கு எஸ்சிடலோப்ராமும் மற்றவர்களுக்கு வெறும் மாத்திரையும் மூன்று வாரங்களுக்கு மேல் கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களின் மூளை, பரிசு கிடைக்கும்போது அதற்கேற்பக் கற்றுக்கொள்வதில் மந்தப்பட்டது. உச்சம் எட்டுவதில் சிரமம் இருப்பதாகவும் அவர்கள் சொன்னார்கள். நோயில்லாதவர்களிடமே இது தெரிந்ததால், எல்லாவற்றையும் நோயின் மேல் போட முடியாது.

அதே சமயம் நோயின் பங்கையும் மறக்கக் கூடாது. மனச்சோர்வே ஆசையைக் கொன்றுவிடும். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, சில ரத்த அழுத்த மாத்திரைகள், குடி ஆகியவையும் அதையே செய்யும். மாத்திரை தொடங்குவதற்கு முன்பே நிலைமை எப்படி இருந்தது என்று கேட்டுக் குறித்து வைத்தால்தான் பின்னால் வந்தது எதனால் என்று பிரித்தறிய முடியும். முதல் சந்திப்பிலேயே இரண்டு கேள்விகள் போதும். பெரும்பாலான இடங்களில் அந்த இரண்டு கேள்விகள் விடுபட்டுப்போகின்றன. இது சரியில்லை.

தெம்பின் கதை இன்னும் சிக்கலானது. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மாத்திரைகள் ஹிஸ்டமின் ஏற்பிகளை அடைப்பதால் காலை பத்து மணி வரை கிறக்கம் நீடிக்கும். மிர்டாசபினும் அப்படித்தான். பசியைக் கிளப்பி எடையையும் கூட்டும். ஃப்ளூஆக்சிடின் அதற்கு நேர்மாறு. சிலருக்கு ஒருவிதப் பரபரப்பைத் தந்து தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் காலையில் எடுக்கச் சொல்வார்கள். இந்தியாவில் எஸ்சிடலோப்ராமையும் குளோனசெபாமையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து விற்கிறார்கள். இரவில் அதை விழுங்குபவர் மறுநாள் பகலெல்லாம் தூங்கி வழிந்தால், காரணம் குளோனசெபாமாக இருக்கலாம். அட்டையின் பின்பக்கத்தில் இரண்டு பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தால் அதை மருத்துவரிடம் காட்டிக் கேட்பது நல்லது. அதற்காக அதைத் தானே நிறுத்திவிடக் கூடாது. பல மாதம் எடுத்த குளோனசெபாமை ஒரே நாளில் விட்டால் வலிப்புகூட வரலாம்.

வயதானவர்களிடம் வரும் அசதிக்குத் தனிக் கவனம் வேண்டும். செரோட்டோனின் வகை மாத்திரைகள் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடலாம், அதிலும் ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களிடம். தள்ளாட்டம், குழப்பம், எழ முடியாத சோர்வு என்று அது வெளிப்படும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பெண்களிடம் முதலில் பார்க்க வேண்டியது ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஆந்திரத்தில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 58.8 சதவீதமும் தமிழ்நாட்டில் 53.4 சதவீதமும் ரத்தசோகை உள்ளவர்கள். இத்தனை பேருக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருக்கும் இடத்தில், அசதி என்று வரும் பெண்ணுக்கு அதைப் பார்க்காமல் மனநல மாத்திரையை மாற்றுவதில் பயனில்லை.

தெம்பு கூடுவதிலும் ஆபத்து உண்டு. மனம் தெளிவதற்கு முன்பே உடம்பில் சுறுசுறுப்பு திரும்பிவிடும் சில நாட்கள் உண்டு என்று மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் போகாமல், அதைச் செய்யும் சக்தி மட்டும் வந்துவிடும் நாட்கள் அவை. 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்காவில் இந்த மருந்துகளின் குறிப்பேட்டில் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. முதல் மாதம் வீட்டில் ஒருவர் கூடவே இருப்பது அவசியம். இருதுருவ மனநோய் உள்ளவருக்கு மாத்திரை இன்னொரு எல்லைக்குக் கொண்டுபோகக்கூடும். இரண்டு மணி நேரத் தூக்கம், கட்டுக்கடங்காத செலவு, திடீரென்று பெருகும் காம வேட்கை என்று வந்தால் அதைக் குணம் என்று எண்ணாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆசையும் தெம்பும் குறைந்த ஆண் மனநல மருத்துவரிடம் போவதற்குப் பதிலாகப் போகும் இடம் ஒன்று இருக்கிறது. ‘நரம்புத் தளர்ச்சி’க்கு உறுதியான தீர்வு என்று பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்படும் விளம்பரம் காட்டும் லாட்ஜ் அறை அது. விந்து வீணாவதால் உடல் தேய்கிறது என்ற அச்சத்தோடு வரும் சோர்வை, 1960-இல் மனநல மருத்துவர் என். என். விக் ‘தாத் நோய்க்குறி’ என்று பெயரிட்டு விளக்கினார். அப்படி வருபவர்களில் பலருக்கு உள்ளே இருப்பது மனச்சோர்வோ பதற்றமோதான். ஏற்கெனவே மாத்திரையால் சிக்கல் வந்தவர் இங்கே போனால் பணமும் போகும், மாத்திரையும் நின்றுபோகும்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி. தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்தது போன்ற உதறல் ஆகியவை இரண்டு மூன்று நாட்களில் தொடங்கும். பராக்சிடினிலும் வென்லாஃபாக்சினிலும் இது அதிகம். உடலில் நெடுநாள் தங்கும் ஃப்ளூஆக்சிடினில் குறைவு. நோய் திரும்பும் அபாயம் வேறு.

செய்யக்கூடியவை பல. சிலருக்குக் காலப்போக்கில் தானாகச் சரியாகும், ஆனால் அதை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. நோய் கட்டுக்குள் இருந்தால் மருத்துவர் அளவைக் குறைத்துப் பார்ப்பார். மிர்டாசபின், பியூப்ரோபியான், வோர்டியாக்சிடின் என்று மாற்றுவார். வலிப்பு நோய் இருப்பவருக்குப் பியூப்ரோபியான் ஆகாது. விறைப்புக் குறைக்குச் சில்டெனாஃபில் உதவும் என்பது சோதனைகளில் நிரூபணமானது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைத் தொடவே கூடாது, உயிருக்கு ஆபத்து. மிகச் சிலருக்கு மாத்திரையை நிறுத்திய பிறகும் பாலியல் சிக்கல் நீடிப்பதாக வந்த புகார்களை ஐரோப்பிய மருந்து முகமை ஆராய்ந்து, 2019-இல் அந்த எச்சரிக்கையை மருந்துக் குறிப்பேட்டில் சேர்க்கச் சொன்னது. தொடங்கும்போதே நோயாளிக்கு இதையும் சொல்லிவிடுவது நேர்மை.

மருத்துவரின் முகம் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருந்தால், “மாத்திரை ஆரம்பித்த பிறகு தாம்பத்தியத்தில் மாற்றம் தெரிகிறது” என்று ஒரு வரி எழுதிப் பழைய சீட்டோடு சேர்த்து நீட்டினாலே போதும். பெண்கள் உடன் வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிக் கேட்கலாம், அந்த உரிமை நோயாளிக்கு உண்டு. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை. தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.