வீட்டுக் கலையகத்துக்கு எந்த மென்பொருள்?

வீட்டில் ஒலிப்பதிவு தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மென்பொருள் நல்லது?" என்றுதான். அதற்குப் பதில் தேடுமுன் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மென்பொருளுக்கென்று தனிக் குரல் இல்லை. காற்றின் அசைவை மைக் மின்னாக்குகிறது. அந்த மின்னை ஓடியோ இன்டர்பேஸ் என்ற சிறு பெட்டி செக்கனுக்கு 48,000 தடவை அளந்து எண்களாக்குகிறது. மென்பொருள் அந்த எண்களை வாங்கி வட்டில் எழுதிவைக்கிறது, அவ்வளவுதான். இலவசமாகக் கிடைப்பதும் பல நூறு டொலர் கொடுத்து வாங்குவதும் எழுதிவைப்பது அதே எண்களைத்தான். பதிவில் குரல் மங்கிக் கேட்டாலோ எதிரொலித்தாலோ, காரணத்தை மைக்கிலும் அறையிலும் தேடவேண்டும்.

அப்படியானால் மென்பொருள்களுக்குள் என்ன வித்தியாசம்? ஒரே நேரத்தில் எத்தனை மைக்குகளைத் தனித்தனியாக வாங்கும், பதிந்ததை எப்படி வெட்டித் திருத்தலாம், பாடுகிறவரின் காதுக்கு ஒலி எவ்வளவு விரைவில் திரும்பும், கரண்ட் போனால் என்ன மிஞ்சும் என்பவைதான். ஆகவே எதைப் பதியப்போகிறோம் என்பதே முதற் கேள்வி.

மன்னார்ப் பெருநிலத்தில் பெரியமடுவையும் அதன் அயலூர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். தவக்காலத்தில் வியாகுல பிரசங்கம், பள்ளிவாசல் சார்ந்த கஸீதாவும் பைத்தும், அரிவி வெட்டுப் பாட்டு, கரையோரத்தில் வலை இழுக்கும் அம்பா, இரவிரவாக ஆடும் கூத்து என்று மாவட்டத்தில் பதிய வேண்டியவை ஏராளம். எல்லாவற்றுக்கும் ஒரே மென்பொருள் பொருந்தாது.

ஒரு குரல் மட்டும் என்றால்

ஒருவர் தனியே பாடுகிறார், அல்லது முதியவர் ஒருவர் கதை சொல்கிறார். இதற்கு ஓடாசிட்டி போதும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனியும் ரொஜர் டனன்பேர்க்கும் 1999இல் தொடங்கிய வேலை இது. 2000ஆம் ஆண்டு பொதுவில் வெளியானது. விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், காசு கேட்காது, முகப்பைத் தமிழிலும் மாற்றலாம். பழைய மடிக்கணினியும் இதைத் தாங்கும். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதிவு தொடங்கும். வேண்டாத இடத்தைத் தெரிவுசெய்து அழித்தால் போய்விடும்.

ஓடாசிட்டியின் இரைச்சல் நீக்கி வீட்டுப் பதிவுக்கு நல்ல துணை. ஆனால் அதற்கு வெறும் இரைச்சலின் மாதிரி ஒன்று தேவை. எனவே பதிவைத் தொடங்கிவிட்டு, பாடுமுன் ஐந்தாறு செக்கன் எல்லோரும் பேசாமல் இருங்கள். மின்விசிறியின் இரைச்சல் மட்டும் அந்த இடத்தில் பதிந்திருக்கும். அதைக் காட்டிக்கொடுத்தால் மென்பொருள் அதையே முழுப்பாட்டிலிருந்தும் குறைக்கும். மிதமாகப் பாவியுங்கள். அளவுக்கு மீறினால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோலக் கேட்கும்.

பலர் சேர்ந்தால்

கூத்து வேறு விஷயம். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் குரல், நடிகரின் குரல், மத்தளம், ஆர்மோனியம், தாளம், பிற்பாட்டு எல்லாம் ஒன்றாக ஒலிக்கும். எல்லாவற்றையும் ஒரே மைக்கில் பதிந்தால் மத்தளத்தின் அடியில் வசனம் அமிழ்ந்துவிடும். பிறகு பிரித்தெடுக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மைக் வைத்து, ஒவ்வொன்றையும் தனித் தடத்தில் பதிய வேண்டும். வரம்பு கட்டிய வயலைப் போல, ஒரு பாத்திக்கு விடும் தண்ணீர் மற்றதற்குள் அதிகம் போகாது. மத்தளத்தைத் தணித்தாலும் குரல் அப்படியே நிற்கும்.

இங்கே ரீப்பர் பொருத்தம். பாட்டுக் கேட்கும் வினாம்ப் மென்பொருளை உருவாக்கிய ஜஸ்டின் பிராங்கல் தொடங்கிய கொக்கோஸ் நிறுவனத்தின் தயாரிப்பு இது. இறக்கும் கோப்பு மிகச் சிறியது. டேட்டாக் கணக்குப் பார்த்து இணையம் பாவிக்கும் வீட்டுக்கு அது பெரிய ஆறுதல். 60 நாள் முழு வசதியோடும் சோதித்துப் பார்க்கலாம். பிறகு தனியாளுக்கும், ஆண்டு வருமானம் 20,000 டொலருக்குக் குறைந்த சிறு தொழிலுக்கும் உரிமம் 60 அமெரிக்க டொலர். ஓடாசிட்டியைவிடப் பழக நாள் எடுக்கும். பட்டியல்களின் நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தடம் சேர்த்தல், பதிதல், வெட்டுதல், ஒலியளவு சரிசெய்தல் என்ற நான்கும் கைவந்தால் வேலை நடக்கும்.

காசு கொடுக்க வழியில்லை, லினக்ஸ் பழக்கம் என்றால் ஆர்டோர் உண்டு. அப்பிள் கணினி வைத்திருப்போருக்குக் கராஜ்பாண்ட் இலவசம். பின்னாளில் லொஜிக் புரோவுக்கு மாறும்போது பழைய வேலையை அதிலேயே திறக்கலாம். புரோ டூல்ஸ் 1991இலிருந்து பெரிய கலையகங்களில் வேரூன்றியது. உங்கள் பதிவை அப்படிப்பட்ட கலையகத்துக்கு அனுப்பி வேலை செய்யும் தேவை இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள். எப்எல் ஸ்டூடியோ கணினியிலேயே இசைக்கோலம் அமைப்போருக்கு வசதியானது. கூத்தைப் பதிவதற்கு அது நேர்வழி அல்ல.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்றிருக்கிறது. மென்பொருளில் நூறு தடம் திறக்கலாம் என்பதால் நூறு மைக் பூட்டலாம் என்று அர்த்தமில்லை. இன்டர்பேஸில் இரண்டு துளை இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு மைக்தான். நான்கு வேண்டுமென்றால் நான்கு துளையுள்ள பெட்டி வேண்டும். யுஎஸ்பி மைக் இரண்டை ஒரே விண்டோஸ் கணினியில் ஒன்றாக ஓட்டுவது தலையிடி. கூத்துப் பதியும் எண்ணமிருந்தால் யுஎஸ்பி மைக்கை வாங்காதீர்கள்.

காதில் விழும் தாமதம்

ஹெட்போனில் தன் குரலைக் கேட்டபடி பாடுகிறவருக்கு அது சற்றுப் பிந்தி வந்தால் தாளம் தவறும். கணினி ஒலியைச் சிறுசிறு கட்டாகச் சேர்த்து வாங்குவதே இதற்குக் காரணம். ஒரு கட்டில் 512 அளவீடுகள் என்றால், செக்கனுக்கு 48,000 என்ற கணக்கில் ஏறத்தாழ 11 மில்லிசெக்கன் தாமதம். ஒலி உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் இது சேரும். 128 என்று குறைத்தால் ஒரு கட்டுக்கு 3 மில்லிசெக்கனுக்கும் குறைவு; ஆனால் பலம் குறைந்த கணினி திணறி 'டிக் டிக்' என்று சத்தம் போடும். பதியும்போது சிறிய கட்டு, திருத்தும்போது பெரிய கட்டு என்று மாற்றிக்கொள்வது வழக்கம். இன்டர்பேஸிலேயே நேரடியாகக் கேட்கும் வசதி இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இரவிரவாகப் பதிவதானால்

ஒவ்வோர் அளவீட்டையும் 24 பிட்டில், செக்கனுக்கு 48,000 தடவை எழுதினால் ஒரு தடம் நிமிடத்துக்கு 8.64 மெகாபைட் பிடிக்கும். மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 520. நான்கு தடம் என்றால் மணித்தியாலத்துக்கு இரண்டு கிகாபைட்டுக்குச் சற்று மேல். அதைவிட முக்கியமானது, ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் சாதாரண வேவ் கோப்பு நான்கு கிகாபைட்டுக்கு மேல் வளராது. ஸ்டீரியோவாகப் பதிந்தால் நான்கு மணித்தியாலமும் சில நிமிடங்களும் போனதும் அந்த எல்லை வந்துவிடும். விடிய விடிய ஆடும் கூத்து அதைத் தாண்டும். ரீப்பரில் பெரிய கோப்புக்கென வேவ்64 என்ற வடிவம் உண்டு. இல்லையென்றால் காட்சி மாறும்போது நிறுத்தி, புதிய கோப்பைத் தொடங்குங்கள்.

அப்படிப் பிரிப்பது கரண்ட் வெட்டுக்கும் காப்பு. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் 13 மணித்தியாலம் வரை வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மடிக்கணினியின் பற்றரி தாங்கும் நேரத்தை முன்கூட்டியே பாருங்கள். பல இன்டர்பேஸ்களும் அதே பற்றரியில்தான் குடிக்கும். கணினி நடுவில் நின்றுபோனால் அதுவரை பதிந்ததை மீட்கும் வசதி மென்பொருளில் இருக்கிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை சோதியுங்கள். பதிவை ஓடவிட்டு, மென்பொருளை வலிந்து மூடி, திரும்பத் திறந்தால் தெரிந்துவிடும்.

போன் மட்டும் இருந்தால்

அமெரிக்கப் பாடகர் ஸ்டீவ் லேசி தன் ஆரம்பகாலப் பாட்டுகளை ஐபோனில் கராஜ்பாண்டைக் கொண்டே உருவாக்கினார். அண்ட்ராய்டில் பாண்ட்லாப் கிடைக்கிறது. பல தடம் வைக்கலாம், ஆனால் அதன் வசதிகள் பலவும் இணையத்தை நம்பியிருப்பவை. சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் போனின் சாதாரண ஒலிப்பதிவுச் செயலியில் பதிந்து, பிறகு கணினிக்கு மாற்றுவதே பத்திரம். மாற்றும்போது கேபிளைப் பாவியுங்கள். வட்ஸ்அப் குரல்செய்தியாக அனுப்பினால் அது ஒலியைச் சுருக்கிவிடும், போனது திரும்பாது.

மென்பொருளால் முடியாதவை

சோளகம் வீசும் மாதங்களில் மைக்கில் காற்று மோதும் உறுமலை, 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டும் வடிப்பானால் ஓரளவு போக்கலாம். குரலுக்கு அதனால் நட்டமில்லை. மத்தளத்தின் தடத்துக்கு அதைப் போடாதீர்கள். அதன் கனம் அங்கேதான் இருக்கிறது. சீமெந்துச் சுவரின் எதிரொலியை எந்த மென்பொருளும் சுத்தமாக எடுக்காது. கிடுகு மறைப்பும், பாயும், தொங்கவிட்ட போர்வையும் அதைவிட நன்றாக வேலை செய்யும். ஒலியளவு முள் சிவப்பைத் தொட்டு நசுங்கிய ஒலியும் முழுதாக மீளாது. 24 பிட்டில் பதியும்போது உச்சம் –12 டெசிபல் அளவில் நின்றாலே தாராளம்.

பென்டிரைவில் கைமாறும் 'கிராக்' பதிப்புகளைத் தவிருங்கள். அவற்றோடு வைரஸ் வந்தால் அழிவது மென்பொருளல்ல, அதில் நீங்கள் சேர்த்துவைத்த பதிவுகள். நல்ல மென்பொருள் இலவசமாகவே கிடைக்கும்போது அந்த ஆபத்துக்குத் தேவையுமில்லை.

எது மிஞ்சும்?

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார் மாதோட்டத்து நாடகங்களைப் பதிப்பித்தார். மூவிராசாக்கள் நாடகம் அவற்றில் ஒன்று. ஏட்டில் இருந்த பாட்டு அச்சில் ஏறியதால் இன்று வாசிக்க முடிகிறது. ஆனால் அச்சு சொல்லைத்தான் காக்கும். அண்ணாவியார் எந்த மெட்டில் எடுத்தார், எங்கே இழுத்தார் என்பதை ஒலிப்பதிவுதான் காக்க முடியும். வீட்டுக் கலையகம் அந்த வேலையைச் செய்யுமானால், மென்பொருளைத் தெரிவுசெய்வதில் இன்னொரு நிபந்தனை சேர்கிறது: பதிந்ததை எவரும் திறக்கக்கூடிய வடிவில் வெளியே எடுக்க முடியவேண்டும்.

ஒவ்வொரு மென்பொருளும் வேலையைத் தனக்கே உரிய கோப்பாகச் சேமிக்கிறது. ஓடாசிட்டியின் கோப்பை ரீப்பர் திறக்காது. ரீப்பரின் கோப்பை ஓடாசிட்டி திறக்காது. வேவ் கோப்பை எல்லாமே திறக்கும். ஒலி, ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கம் பாதுகாப்புப் பிரதிக்குப் பரிந்துரைக்கும் குறைந்த அளவும் 24 பிட், 48,000தான். அதை எந்த வீட்டுக் கணினியும் செய்யும். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழரின் ஒலிப்பதிவுகளையும் எண்ணிமமாகப் பேணுகிறது. அதுபோன்ற இடத்துக்கு நாளை கொடுப்பதானாலும் இந்த வடிவம் பொருந்தும்.

ஆகவே ஒரு குரலுக்கு ஓடாசிட்டி, கூட்டத்துக்கு ரீப்பர், அப்பிள் வீட்டுக்குக் கராஜ்பாண்ட் என்று தொடங்குங்கள். இரண்டுக்குள் தீர்மானிக்க முடியாவிட்டால் ஒரே பாட்டை இரண்டிலும் பதிந்து, எதில் கை தடுமாறாமல் போகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும், வேலை முடிந்த அன்றே ஒவ்வொரு தடத்தையும் வேவ் கோப்பாக வெளியே எடுத்து, பாடியவர், ஊர், திகதி மூன்றையும் பெயரில் எழுதி, இரண்டு வட்டுகளில் வையுங்கள். ஒரு வட்டு அந்த வீட்டிலேயே இருக்கக்கூடாது.