திரியிட்ட காயம்

திரியிட்ட காயம் என்பது, ஆழமான காயத்தின் குழிக்குள்ளோ கீறிச் சீழ் அகற்றப்பட்ட கட்டியின் குழிக்குள்ளோ தூய வலைத்துணியை (காஸ்) வைத்துக் கட்டப்பட்ட காயம் ஆகும். மேல்தோல் முந்தி மூடிக்கொண்டால் உள்ளே மீண்டும் சீழ் தேங்கும். குழி அடியிலிருந்து மேல்நோக்கி ஆறுவதற்காகவே திரி வைக்கப்படுகிறது. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளுள் ஒன்றான வர்த்தியும் திரி வைக்கும் முறையே ஆகும்.

இயல்பாக ஆறும் காயம்

முதல் சில நாட்களில் இளஞ்சிவப்பு நீர் கசிவதும், திரியை மாற்றும்போது வலிப்பதும் இயல்பு. குழியின் அடியில் சிவந்த, மணிமணியான புதுத்தசை தோன்றுவது நல்ல அறிகுறி. வலி நாளுக்கு நாள் குறைந்து வர வேண்டும்.

அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை

* குறைந்து வந்த வலி மீண்டும் கூடுதல்
* சிவப்பு, வீக்கம், சூடு ஆகியன காயத்தைச் சுற்றிப் பரவுதல் (சிவப்பின் எல்லையைப் பேனாவால் குறித்து வைத்தால் பரவுவது தெரியும்)
* கெட்டியான சீழ் அல்லது துர்நாற்றம்
* 38 பாகை செல்சியசு அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், குளிர்நடுக்கம்
* திரி வெளியே விழுதல், அல்லது அதன் முனை உள்ளே சென்று மறைதல்

விழுந்த திரியை மீண்டும் உள்ளே திணிக்கக் கூடாது; தூய துணியால் மூடிக்கொண்டு செல்ல வேண்டும். மறைந்த திரியை வீட்டில் தோண்டித் தேடுவதும் தவறு. உள்ளே தங்கிய துணி புதிய சீழ்க்கட்டியை உண்டாக்கும்.

அவசர நிலைகள்

தூய துணியால் 10 நிமிடங்கள் விடாமல் அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பீறிட்டு வரும் இரத்தத்திற்குக் காத்திருக்கக் கூடாது; அழுத்தியபடியே 108 ஊர்தியை அழைக்க வேண்டும். தோல் கறுத்தல், தாங்கவியலாத வலி, மூச்சிரைப்பு, மனக்குழப்பம் ஆகியன நோய்த்தொற்று உடலெங்கும் பரவுவதைக் காட்டக்கூடும்.

நீரிழிவு உள்ளோர்

நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்ட பாதத்தில் வலி தெரியாது. எனவே வலியின்மையை நலத்தின் அறிகுறியாகக் கொள்ள முடியாது. காயத்தை நாள்தோறும் கண்ணால் பார்க்க வேண்டும். 2023 இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில், நீரிழிவு உள்ளோர் விழுக்காட்டில் கோவாவுக்கு (26.4%) அடுத்த இடத்தில் புதுச்சேரி (26.3%) இருந்தது.

புதுச்சேரியில் மருத்துவ வசதி

தொழிற்பேட்டை அமைந்துள்ள மேட்டுப்பாளையத்திற்கு அருகில், கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை உள்ளது. 1823 இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது இது. இரும்பு, மண் பட்ட ஆழமான காயத்திற்கு, இறுதியாகப் போட்ட ஏற்புவலித் (டெட்டனசு) தடுப்பூசியின் ஆண்டையும் மருத்துவரிடம் கூற வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* சீழ்க்கட்டி
* நீரிழிவு நோய்
* முதலுதவி