‘சலைன்’ என்னும் அறிவியல் பெயரடை: சொல்வரலாறும் தமிழாக்கமும்

மரக்காணம் உப்பளத்துப் பாத்தியில் தேங்கிய நீர், கடலோரத்து விளையா நிலம், மருத்துவமனையில் நரம்புவழி ஏற்றப்படும் கரைசல் ஆகிய மூன்றையும் ஆங்கிலம் ‘சலைன்’ என்ற ஒரே பெயரடையால் சுட்டும். மூன்றுக்கும் ‘உவர்’ என்றே தமிழாக்குவது பொருந்துமா என்பது இங்கு ஆராயப்படுகிறது.

இதன் வேர், உப்பைக் குறிக்கும் ‘சால்’ என்னும் இலத்தீன் பெயர். கிரேக்கத்தின் ‘ஹல்ஸ்’ இதற்கு இனமான சொல். ‘ஹாலஜன்’ அதன்வழி ஆக்கப்பட்டது. செவ்வியல் இலத்தீனில் இவ்வடிவம் பெயரடையாக அன்றி, உப்பளத்தைக் குறிக்கும் ‘சலீனே’, உப்புக்கலத்தைக் குறிக்கும் ‘சலீனும்’ ஆகிய பெயர்களிலேயே தெளிவாகக் காணப்படுகிறது. அறிவியற் பெயரடையின் பின்புலத்தில் ஓர் அளம் நிற்கிறது எனலாம்.

‘சால்’ என்பதிலிருந்து பிறந்த ‘சலாரியம்’ ஆங்கிலத்தில் ஊதியச் சொல்லாயிற்று. உரோமப் படைவீரர்க்கு உப்பே கூலியாக அளிக்கப்பட்டது என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. ‘சம்பா’வும் ‘அளமும்’ சேர்ந்து ‘சம்பளம்’ ஆயிற்று என்னும் விளக்கத்தையும் இதே எச்சரிக்கையுடன் அணுகுதல் வேண்டும். வழிச்செலவுப் பொருளைக் குறிக்கும் ‘சம்பல’ என்னும் வடசொல்லும் கருதத்தக்கது.

தமிழில் உப்பு பொருளையும், அளம் அது விளையும் இடத்தையும், உவர் நிலம், நீர், சுவை ஆகியவற்றின் தன்மையையும் குறிக்கும். மண்ணியலில் ‘உவர் நிலம்’ என்பதே ‘சலைன்’ மண். அதன் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்சுக்கு மேற்பட்டிருக்கும். ‘களர் நிலம்’ வேறு. பரிமாற்றச் சோடியம் 15 விழுக்காட்டை மிஞ்சுவது அதன் அடையாளம். நன்னீர் தேக்கி வடித்தால் உவர் சீர்படும். களருக்கு ஜிப்சம் இடுதல் வேண்டும். இவ்விரண்டையும் ‘உப்பு மண்’ என ஒன்றாக்கும் மொழிபெயர்ப்பு உழவரைத் தவறான மருந்துக்கு அனுப்பிவிடும். உழவர் வழக்கே இங்குக் கலைச்சொல்லுக்கு உரிய தரத்தில் உள்ளது.

அளத்துநீரின் நிலை வேறு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உண்டு. வெயிலில் செறிவேறிப் போமே அளவையில் ஏறத்தாழ 25 பாகையை எட்டும்போதுதான் உப்புப் படியத் தொடங்கும். மருத்துவக் கரைசலிலோ லிட்டருக்கு 9 கிராமே. குருதியின் செறிவுக்கு ஒத்த இதனை ‘உவர்நீர்’ என்றால், உண்ணத்தகாத நீர் என்ற கருத்தே படிப்போர்க்கு எழும். இவ்விடத்தில் ‘உப்புக்கரைசல்’ என்பதே ஏற்றது.