அடுப்படியிலும் ஆராதனை உண்டு



தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள் நான். வயது முப்பத்தாறு. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கணவர் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், மூன்று வருஷமாகப் படுக்கையில் இருக்கும் மாமியார், இதுதான் என் உலகம். எங்களுடையது கிறிஸ்தவக் குடும்பம். இந்தப் பகுதியில் சகோதரிகள் சமையல், பிள்ளை வளர்ப்பு, சிக்கனம் என்று எழுதுகிறீர்கள். நான் சந்தோஷத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுதலாமே என்று உட்கார்ந்தேன்.

எங்கள் சபைகளில் 'சாட்சி சொல்வது' என்று ஒரு வழக்கம் உண்டு. கடவுள் தமக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லார் முன்னும் சொல்வார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் என்ன சாட்சி? மகனுக்கு வேலை கிடைத்தது, வீட்டுக்குத் தளம் போட்டாச்சு, மகளுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை அமைந்தது. கேட்க நமக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனா கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாளே ஒருத்தி, கணவன் குடித்துவிட்டு வருகிறவன், பத்து வருஷமாகப் பிள்ளை இல்லாதவள், அவள் எழுந்து என்ன சாட்சி சொல்ல? "நமக்குத்தான் விசுவாசம் போதாது போல" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறாள். கிறிஸ்தவ சந்தோஷம் என்பது வசதியாக வாழ்கிறவர்களுக்குக் கிடைக்கிற பரிசு என்று ஆகிப்போனதே, அதுதான் என் மனசை உறுத்துகிறது.

வேதத்தில் அப்படியா இருக்கிறது? புதிய ஏற்பாட்டில் பிலிப்பியர் என்று சின்ன நிருபம் ஒன்று இருக்கிறது. நாலே அதிகாரம். சந்தோஷமாக இருங்கள் என்று பவுல் அதில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அதை அவர் எழுதியது காவலில் இருந்தபோது! உயிர் தப்புமா என்பதே நிச்சயமில்லாத நேரம். அந்த பிலிப்பி பட்டணத்தில் முதலில் தன் வீட்டைத் திறந்து கொடுத்தது யார் தெரியுமா? லீதியாள் என்று ஒரு பெண். இரத்தாம்பரத் துணி வியாபாரம் செய்தவள். ஆற்றங்கரையில் ஜெபிக்கக் கூடிய பெண்களில் ஒருத்தி. இன்னொரு வேடிக்கை, அதே சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்களுக்குள் மனஸ்தாபம். ஒற்றுமையாக இருங்கள் என்று இருவருக்கும் பேர் சொல்லி புத்தி சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே சந்தோஷமாயிருங்கள் என்கிறார். ஆக, சண்டை சச்சரவு, வருமானக் கவலை, ஜெயில் பயம் எல்லாம் தீர்ந்த பிறகு வருவதல்ல அந்த சந்தோஷம். அதெல்லாம் இருக்கும்போதே வருவது.

முழு மனசோடு என்றால் எப்போதும் சிரித்த முகத்தோடு இருப்பது என்றும் சிலர் நினைக்கிறார்கள். அன்னாளைப் பாருங்கள். பிள்ளை இல்லை. எல்க்கானாவின் இன்னொரு மனைவி பெனின்னாள் குத்திக் குத்திப் பேசுகிறாள். அன்னாள் சீலோவிலிருந்த ஆலயத்துக்குப் போய் உதடு மட்டும் அசைய அழுது ஜெபிக்கிறாள். ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிடுகிறார். "இல்லை ஐயா, மன பாரத்தைக் கொட்டுகிறேன்" என்று விளக்குகிறாள். அவரும் ஆசீர்வதித்து அனுப்புகிறார். அப்புறம் அவள் போய்ச் சாப்பிடுகிறாள், முகம் தெளிகிறது. பிள்ளை சாமுவேல் பிறந்தது அதற்குப் பிறகுதான்! கேட்டது கைக்கு வருமுன்பே முகம் தெளிந்தது. அழவே கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. பாதி மனசை ஒளித்து வைத்துக்கொண்டு சிரிப்பதைவிட முழு மனசையும் கொட்டி அழுவது மேல் என்று எனக்குப் படுகிறது.

எங்கள் தெருவில் பிள்ளையில்லாத தங்கை ஒருத்தி. ஒரு கூட்டத்தில் யாரோ அவளிடம், "உனக்கு விசுவாசம் இருந்திருந்தா இந்நேரம் மடி நிறைஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு பல மாதம் அவள் கோவிலுக்கே வரவில்லை. புத்தி சொல்ல ஆள் ஆளாகப் போனார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் மட்டும் அவித்த பனங்கிழங்கை எடுத்துக்கொண்டு சாயங்காலம் சாயங்காலம் போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வருவார். வசனம் சொல்லவில்லை, உபதேசமும் பண்ணவில்லை. "கிழங்கைத் தின்னுளா" என்பதோடு சரி. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு அந்தத் தங்கை ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்கு வந்தாள். இன்னும் பிள்ளை இல்லை. ஆனால் ஞாயிறு பள்ளியில் இருபது பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள். அவள் குரல் எங்கள் வீடு வரை கேட்கும்.

எங்கள் திருநெல்வேலிச் சீமையிலேயே இன்னொரு சாட்சி உண்டு. களக்காடு பக்கம் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார். அயர்லாந்தில் 1867-ல் பிறந்து 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர். ஊர் திரும்பவே இல்லை. 1931-ல் கீழே விழுந்து பலத்த காயம். அதிலிருந்து 1951-ல் இறக்கும் வரை பெரும்பாலும் தன் அறையோடுதான் வாழ்க்கை. அந்த அறையிலிருந்தே பல புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள். மாமியாருக்கு முதுகு துடைத்து விடும்போது இதை நான் நினைத்துக்கொள்வேன். படுக்கையில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வாழ்க்கை உண்டு, அவர்களிடமிருந்தும் நாலு பேருக்கு நன்மை வரும். எங்கள் அத்தை படுத்தபடியே என் பிள்ளைகளுக்கு ஞானப்பாட்டு கற்றுக்கொடுத்திருக்கிறார்.

"வீட்டு வேலை முடிக்கவே நேரம் போதலை, இதில் ஆராதனைக்கு எங்கே போக" என்று கேட்கிறீர்களா? பிரான்சில் 1600-களில் லாரன்ஸ் என்று ஒரு துறவி. பாரிஸ் மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையல்கட்டு வேலை. பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும், முழங்கால் படியிட்டு ஜெபிக்கும்போது இருக்கிற அதே அமைதியோடு கடவுளோடு இருக்கலாம் என்று வாழ்ந்து காட்டினார். 1691-ல் அவர் இறந்த பிறகு அவருடைய பேச்சையும் கடிதங்களையும் தொகுத்தார்கள். உலகமெல்லாம் இன்னும் படிக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பிடியரிசி போதாதா! உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு, சேர்ந்ததும் கோவிலுக்குக் கொடுப்போம். மிசோரத்தில் கிறிஸ்தவப் பெண்கள் 1910-ல் இந்தக் காணிக்கையைத் தொடங்கினார்கள். வேளைக்கு ஒரு பிடி என்று சேர்ந்த அரிசியில் எத்தனையோ ஊழியங்கள் நடக்கின்றன. கையில் காசில்லாதவளும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. இரண்டே காசு போட்ட ஏழை விதவையைத்தானே இயேசு மெச்சினார்!

எனக்குப் பலன் தந்த சிலதைச் சொல்கிறேன்:

காலையில் அடுப்புப் பற்ற வைக்குமுன் ஒரே ஒரு நிமிஷம் அமைதியாக நிற்பேன். கைபேசியை எடுப்பது அதற்குப் பிறகுதான்.

சாதம் வடிக்கும்போது ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுப் பெயரைச் சொல்லி ஜெபிப்பேன். நம்மோடு பேசாதவர்கள் வீடும் அதில் உண்டு. அவர்கள் பெயரைச் சொல்லச் சொல்லக் கோபம் தானே கரையும்.

ராத்திரி படுக்குமுன் அன்றைக்கு நடந்த ஒரு நல்ல காரியத்தைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும். "மழை வந்துச்சு" என்றாலும் போதும்.

சாட்சி நேரத்தில், இன்னும் பதில் வராத ஜெபத்தையும் சொல்ல இடம் கொடுக்கலாமே என்று எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கேட்டோம். இப்போது கடைசி வரிசைக்காரர்களும் எழுந்து பேசுகிறார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சந்தோஷமாக இரு என்றால், அடியை வாங்கிக்கொண்டு வாய் பொத்தி இரு என்று அர்த்தமே இல்லை. அடி வாங்குகிற பெண்ணிடம் "பொறுத்துப்போ, சிலுவையைச் சும" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அவளை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வையுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு உடனிருந்து போன் செய்து கொடுங்கள். அதுவும் ஊழியம்தான்.

எங்கள் பக்கம் அசனப் பண்டிகை என்று நடக்கும். கோவிலில் பொதுவாகச் சமைத்து, ஊரே கூடிச் சாப்பிடுவது. முந்தின ராத்திரி பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்குவோம், பூண்டு உரிப்போம். பணக்காரி, ஏழை, பிள்ளை பெற்றவள், பெறாதவள், இந்து அக்காமார் எல்லாரும் அதில் உண்டு. பந்தியில் எல்லாருக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு. நம் சந்தோஷமும் அந்த மாதிரிதான் இருக்க வேண்டும். பந்தியில் யாருக்காவது இலை விழவில்லையென்றால் விருந்து இன்னும் முடியவில்லை.

எந்த மதத்துச் சகோதரியானாலும் சரி, இந்த வாரம் உங்கள் தெருவில் கடைசி வரிசையில் ஒதுங்கி உட்காருகிறவள் யார் என்று பாருங்கள். புத்தி சொல்லப் போகாதீர்கள். கிழங்கோ, ஒரு டம்ளர் காப்பியோ எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள்.

- ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்.